கூடுதல் ஒன்று

மூன்று பூட்டு, மூன்று சாவி.
ஒன்று இயக்குநரிடம், ஒன்று கருவூலத்தில்,
மூன்றாவது என் இடுப்பில்.
கடற்காற்று யாரிடமும் சாவி கேட்பதில்லை,
பூட்டின் நாக்கைத் தின்றபடி
எப்போதோ உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

இன்று கணக்கெடுப்பு.
டெல்லியிலிருந்து ஒருவர், சட்டைப்பையில் நான்கு பேனா.
சென்னையிலிருந்து ஒருவர்,
போன வருடம் அனுப்பிய அதே கடிதத்தின் நகலோடு.
கடல் தாண்டி இருப்பவர்கள் ஆள் அனுப்பவில்லை.
"ஆய்வுக்காகக் கொண்டுபோனவை
ஆய்வு முடியாததால் இன்னும் இங்கேயே உள்ளன"
என்று நல்ல தாளில் எழுதியிருக்கிறார்கள்.

காக்காயந்தோப்பு கலிவரதன்
காலையிலிருந்து வாசலில் நிற்கிறார்,
கையில் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பத்திரம்.
"மண்ணு எங்க பாட்டன் பேர்ல.
மண்ணுக்குள்ள கெடந்தது மட்டும்
எப்படி சார் வேற ஆளு பேர்ல?"
டெல்லிக்காரர் சிரித்தார்.
எனக்கு வரவில்லை.
பத்திரத்தில் ஒரு பக்க எல்லை: ஆறு.
அந்த ஆறு அதன்பிறகு
எத்தனையோ வெள்ளத்தில் கையெழுத்தை மாற்றிக்கொண்டுவிட்டது.

தட்டு பதினேழு. நீலக் கண்ணாடி மணிகள்.
பதிவேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு.
எதை எந்த ஊர் வைத்துக்கொள்வது என்று
அவர்கள் தாழ்வாரத்தில் டீயோடு பேசிக்கொண்டிருக்க,
நான் எண்ணுகிறேன்.
பாகூரில் களத்து நெல் அளந்த வீடு எங்களுடையது,
வாய் தானாக 'லாபம்' என்றுதான் தொடங்கும்.
லாபம், இரண்டு, மூன்று…
மிளகளவு, கடுகளவு,
ஒவ்வொன்றின் வயிற்றிலும் வெள்ளை மசியில் எண்.

இருநூற்றுப் பதிமூன்று.

மறுபடியும்.
இருநூற்றுப் பதிமூன்று.

குறைந்தால் வழி இருக்கிறது:
புகார், பணியிடை நீக்கம்,
உண்ணாமல் உட்கார்ந்து எழுதும் விளக்கக் கடிதம்.
கூடினால் படிவமே இல்லை.
முப்பத்தோரு வருடச் சுற்றறிக்கைகளை மனசுக்குள் புரட்டினேன்,
இல்லை.

அது தெரிந்தது. எண் இல்லாத ஒன்று.
துளையில் மஞ்சள் நூலின் ஒரு பிசிறு.

கதவருகே துடைப்பத்தோடு பச்சைவாழி,
வீராம்பட்டினம், ஒப்பந்தப் பணியாளர்.
மூன்று வருடத்துக்கு முன்
மழை விட்ட மறுநாள் மேட்டோரம் மணி பொறுக்கியதாக
அவள் மேல் வழக்கு.
அன்று பிடித்த கைப்பிடி மணிகள்
நீதிமன்றச் சொத்து அறையில், சாக்கில்,
வாய்தாவுக்கு வாய்தா எடை குறைந்துகொண்டிருக்கின்றன.

நான் நிமிர்ந்தேன். அவள் தரையைப் பெருக்கினாள்.
பெருக்கிய இடத்தையே பெருக்கினாள்.

"மவ கழுத்துல கெடந்தது, சார்.
பள்ளிக்கூடத்துல யாரோ திருட்டு மணின்னு சொல்லிட்டாங்க.
வெளிய வச்சிருந்தா திருட்டு.
உள்ள வச்சா அதுக்கு என்னா பேரு?"

எனக்குத் தெரிந்த தமிழில் பேர் இல்லை.
எடுத்துக் கொடுத்தால் நான் குற்றவாளி,
எழுதிக் கொடுத்தால் அவள்.
சட்டைப்பைக்குள் போட்டால் இரண்டு பேரும்.

தாழ்வாரத்தில் குரல் உயர்ந்தது.
"தேசத்தின் சொத்து" என்றார் ஒருவர்.
"எந்த ஊர்த் தேசம்?" என்றார் இன்னொருவர்.
டீ ஆடை கட்டியிருக்கும்.

மூன்றாம் முறை எண்ணினேன்.
எண் இல்லாததை முதலில் எடுத்து,
உள்ளங்கையில் வைத்து,
லாபம் என்றேன்.
பிறகு ஒன்று, இரண்டு, மூன்று…

"சரியா இருக்கா?"
"இருநூற்றுப் பன்னிரண்டு. சரியா இருக்கு சார்."
நான்கு பேனாவில் ஒன்று கையெழுத்துப் போட்டது.
தட்டு உள்ளே போனது.

பச்சைவாழி குப்பையை அள்ளிக்கொண்டு
கலிவரதனைத் தாண்டிப் போனாள்.
அவர் பத்திரத்தை மடித்து, பிரித்து, மடித்தார்.

முதல் பூட்டு விழுந்தது. இரண்டாவதும்.
என்னுடையதுதான் பிடிக்க மறுக்கிறது.
ஒரு சொட்டு எண்ணெய் கேட்டேன்.
கொள்முதல் பிரிவுக்கு
எழுதச் சொல்கிறார்கள்.