ஐந்து பத்துக்கு ஒரு தட்டு

தோர்ஷவுனில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
படகுக் கழகத்தின் புதுத் தளம்
திங்களன்று ஏறியது. கேக் வெட்டினோம்.

செவ்வாயன்று பதிவேட்டைத் திறந்தால்
404, 404, 404.
பூட்டிய வீட்டைத் தட்டும் வரிசை.
பாதிப் பேர் தேடுபொறியின் எடுபிடிகள்,
அவர்களுக்குக் கால் வலிக்காது.

பழைய முகவரிக்கெல்லாம் புதியதை எழுதினேன்.
301: நிரந்தரமாய்க் குடிபெயர்ந்தார்.
நாலாயிரத்துச் சொச்சம் வரிகள்.
ஓரிடத்தில் ஒன்று மற்றதைக் காட்ட,
மற்றது ஒன்றைக் காட்ட,
சுற்றிச் சுற்றி மூச்சிரைத்தது சர்வர்.

மிஞ்சியது ஏழாம் தடத்தின் நேர அட்டவணை.
தினமும் விடிகாலை ஐந்து பத்துக்கு
ஒரே கைபேசி, ஒரே தட்டு.
கடலடிச் சுரங்கம் திறந்ததும்
அந்தப் படகை விற்றாயிற்று.

"முகப்புக்குத் திருப்பிவிடு, ரக்னில்" என்றான் பார்டுர்.
முகப்பில் ஒரு பஃபின் பறவை,
சிவந்த அலகோடு, சுற்றுலாவுக்கு அழைக்கிறது.
படகு கேட்டவருக்குப்
பறவையைக் காட்டுவதா?

410 என்று ஓர் எண் உண்டு,
யாரும் அதிகம் தொடுவதில்லை.
இருந்தது; இல்லை; காத்திருக்க வேண்டாம்.
அதைப் போட்டுக் கீழே இரண்டு வரி:
ஏழாம் தடம் நின்றுவிட்டது, மன்னிக்கவும்.
பேருந்து ஐந்து நாற்பதுக்கு, தேவாலயத்தின் பின்புறம்.
மன்னிக்கவும் எதற்கு என்றான் பார்டுர்.
விட்டுவைத்தேன்.

மறுநாளும் ஐந்து பத்து.
அதற்கு மறுநாளும்.

வெள்ளியன்று விழித்திருந்து பார்த்தேன்.
ஐந்து பத்துக்கு எவரும் இல்லை.
காபி ஆறியது.
ஐந்து இருபத்தாறுக்கு வந்தது தட்டு,
அதே கைபேசி, அதே பழைய முகவரி.

பதினாறு நிமிடம்
கூடுதலாகத் தூங்கியிருக்கிறார்.