அரைப் பேர்

பரீட்சைக்கு இன்னும் பதினொரு நாள்.
கிரேக்க உரோம நாகரிகம். பழைய வினாத்தாள்.
மூன்றாம் கேள்வி:
மானமே வீரனின் உயிர். ஆராய்க.

தகரத்தில் மழை. எழுதத் தொடங்குகிறேன்.
அவனுக்கு இரண்டு வழி இருந்தது.
ஊரோடு இருந்து கிழமாகிச் சாகலாம், பேர் இருக்காது.
போருக்குப் போய் இளமையில் சாகலாம்,
பேர் சாகாது.

எங்கள் மலையிலும் பேர்தான் எல்லாம்.
பதினெட்டுக் கிலோ எடுத்தால் ஒரு பேர்.
பதினேழே முக்கால் என்றால் அரைப் பேர்.
கணக்கப்பிள்ளை தினமும் திறந்து
தினமும் மூடுகிற புகழ்.

போன மாதம் தராசு இருபத்தொன்று காட்டியது.
ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று,
முத்தின இலை என்று இன்னொன்று.
பதினேழு.
அத்தனை பெண்களும் பார்த்திருக்க
கூடையை அங்கேயே போட்டுவிட்டு வந்தாள் அம்மா.

அவனும் இப்படித்தான்.
தன் பங்கைப் பறித்த தளபதியை
நாய்க்கண்ணா என்று ஏசிவிட்டுக்
கப்பலடியில் போய் உட்கார்ந்தான்.
அம்மாவிடம் கப்பல் இல்லை.
அடுப்படியில் ஒரு பலகைக்கட்டை இருந்தது.

தோட்டத் தலைவர் வந்தார். கங்காணி வந்தார்.
சாயத்தண்ணி குடித்துவிட்டுச் சமாதானம் சொன்னார்கள்.
"கழிச்ச நாலு கிலோவ எழுதிக்கிட்டு வாங்க."
ஐந்து நாளும் அவள் பேசியது அவ்வளவுதான்.

ஆறாம் நாள் விடியலில்
நாலாம் வீட்டு லோகநாயகி வாசலில் நின்றாள்.
கைக்காசுக்குப் போகிறவள், செக்ரோலில் பேரே இல்லாதவள்.
"இன்னைக்கும் போகாட்டி ஒம் பேர வெட்டிருவாங்கக்கா.
படங்கக் குடு. மழைல எவ மொகம் தெரியுது?"
அம்மா தரவில்லை.
அவளாகவே ஆணியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டாள்.
கொங்காணியை முகம்வரை இழுத்துவிட்டு
அம்மா மாதிரியே ஒரு பக்கம் சாய்ந்து நடந்து காட்டினாள்.
நான் சிரித்தேன்.

ஏழாம் நம்பர் மலையில்
டர்பன்டைன் மரத்துக் கூட்டைக் கழுகு தட்டியதாம்.
புகைபோல இறங்கின குளவிகள்.
எல்லாரும் கீழே ஓட
வாய்மாறு கானில் கால் சிக்கிக் கிடந்தாள்
ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி ஒருத்தி.
லோகநாயகி திரும்பி ஏறினாள்.
இடுப்புப் படங்கை அவிழ்த்து
அவளை மூடி
மேலே படுத்துக்கொண்டாள்.

அம்மா செத்துப்போனாள் என்று
லயத்துக்குச் செய்தி வந்தபோது
அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டி வந்தது.
பகல் நிறுவைக்கு முன்பே விழுந்ததால்
செக்ரோலில் அம்மா பேருக்கு நேரே அரை.
லோகநாயகிக்கு ஒன்றுமில்லை.
அவள் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை.

கதையில் இந்த இடத்தில்தான் அவன் எழுகிறான்.
அவன் கொன்று போட்ட உடல்களால் ஆறு அடைபடுகிறது.
அம்மாவும் எழுந்தாள்.
யாரைக் கொல்வது, குளவியையா?
பெட்டியைப் பெரட்டுக்களத்தில் இறக்கச் சொன்னாள்.
பக்கத்தில் உட்கார்ந்தாள்.
தப்பு நின்றது.
"எம் பேருல உள்ள அரைய வெட்டு.
இவ பேர எழுது. முழுசா."

துரை வரவில்லை. பொலிஸ் ஜீப் வந்து
லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

நடுச்சாமத்துக்கு மேல்
டோர்ச் இல்லாமல், குடை இல்லாமல்
செக்ரோலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
தனியாக வந்தார் கணக்கப்பிள்ளை.
பெட்டிக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அவர்.
அழுதது யார் என்று இருட்டில் தெரியவில்லை.
போத்தலில் இருந்த தேத்தண்ணியை
அம்மா அவர் பக்கம் தள்ளினாள்.
அவர் குடித்தார். எழுதினார்.

"வாசி" என்றாள் என்னிடம்.
போன் வெளிச்சத்தில் வாசித்தேன்:
லோகநாயகி. ஒன்று.

பென்சில் என்று நான் சொல்லவில்லை.