பதினோராவது ஷரத்து

பத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள் என்பேன்.
பத்து, ஒன்பது, எட்டு.
ஏழைத் தாண்டியவர் அநேகமாக யாருமில்லை.
அதுதான் என் தொழில்.

அன்று எண்ணச் சொன்னவர்
நிர்வாக அதிகாரி துளசிங்கம்.
"எவ்ளோ எதிர்பாக்கறீங்க டாக்டரம்மா?"

முதலில் எண்ணைச் சொல்பவர் தோற்றார் என்று
இளஞ்சேரன் சொல்லி அனுப்பியிருந்தான்.
இதே காட்பாடி ரோட்டில் இரண்டு மருத்துவமனை தள்ளி
என் வகுப்பு, என் பட்டம்,
என்னைவிட நான்கு மதிப்பெண் குறைவு,
மாதம் இரண்டு பத்து வாங்குகிறான்.

ஆகவே பேசாமல் இருந்தேன்.
ஏசி பேசியது.
கீழே சில்க் மில் ஸ்டாப்பில்
லாட்ஜுக்கு ஆள்பிடிக்கும் ஆட்டோக்காரர்
உடைந்த வங்காளத்தில் யாரையோ
தம்பி என்றோ மாமா என்றோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு நாப்பது தரலாம்னு ஓனர் சொன்னார்."
"இரண்டு இருபது."
அவர் தண்ணீர் குடித்தார்.
"வீட்டுக்காரர் என்ன பண்றார்?"
"அவர் மயக்க மருந்து கொடுப்பதில்லை சார்."

பிறகு மே மாத வேலூரில்
முள்ளுக்கத்தரிக்கு இரண்டு பேர்
எப்படிப் பேசுவார்களோ அப்படிப் பேசினோம்.
அவர் ஐயாயிரம் ஏறினால்
நான் நாலாயிரம் இறங்கினேன்.
ஒன்று எண்பத்தைந்தில்
இருவருக்கும் மூச்சு வாங்கியது.

இரவு அழைப்பு மாதம் பன்னிரண்டு என்றிருந்ததை எட்டாக்கினேன்.
'தேவைக்கேற்ப' என்ற சொல்லை அடித்தேன்,
யாருடைய தேவை என்று எழுதியிருக்கவில்லை.
பிரசவ விடுப்புக்கு ஒரு வரியும் இல்லை;
விளிம்பில் நானே எழுதினேன்: சட்டப்படி.
பச்சை மையில் சுருக்கொப்பம் வைத்தார்.
பச்சை மைக்கு அவருக்கு அதிகாரம் உண்டா தெரியாது.

பதினொன்று:
மூலச் சான்றிதழ்கள் பணிக்காலம் முழுதும்
நிர்வாகத்தின் பாதுகாப்பில் இருக்கும்.

"ஜெராக்ஸ்தான் தருவேன்."
"எல்லாருக்கும் உள்ள ரூல்தான் மேடம்."
எழுந்து நின்றேன்.
நாற்காலி சத்தம் போட்டது, அதை நான் திட்டமிடவில்லை.
"சரி, உங்களுக்கு மட்டும்" என்று
குறுக்கே ஒரு கோடு.

ரெவின்யூ ஸ்டாம்ப் எடுக்க
பின்னாலிருந்த இரும்பு பீரோவைத் திறந்தார்.
மூன்று தட்டு முழுக்கப் பழுப்பு உறைகள்,
ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிய கட்டுகள்.
ம. அற்புதமேரி, ஸ்டாஃப் நர்ஸ், பள்ளிகொண்டா.
ஷ. ஃபர்ஹானா, ஓ.டி., பேரணாம்பட்டு.
ந. வேதநாயகி, லேப், லத்தேரி.
நாளை நான் கை நீட்டினால்
சிரிஞ்சை வைக்கப்போகிறவர்கள்.

"இவங்களோடது?"
"அவங்க கேக்கலையே மேடம்."
துளசிங்கம் கெட்டவர் இல்லை.
என் கேள்வியில்
உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

இங்கே பேனாவை மூடி வைத்தேன் என்று எழுத ஆசை.
கல்விக்கடன் பாக்கி பதினாறு லட்சம்.
ஸ்டாம்பின் மேல் குறுக்கே
கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும் பஸ்ஸில், பாலாற்றுப் பாலத்தில்,
மடியில் என் எம்.டி.
பிளாஸ்டிக் உறைக்குள் வெயில் குடித்துச்
சுட்டுக்கொண்டே வந்தது,
சத்துவாச்சாரி வரைக்கும்.

ஒன்றாம் தேதி. முதல் கேஸ், குடல்வால்.
அற்புதமேரி ஊசியை என் கையில் வைத்தார்.
பத்திலிருந்து எண்ணுங்க என்றேன்.
நோயாளி எட்டு வரை வந்தார்.

மானிட்டரைப் பார்த்தபடியே கேட்டேன்:
"மேரி, உங்க சர்டிபிகேட்லாம் எங்க இருக்கு?"

முகக்கவசத்துக்கு மேலே கண்கள்
கதவுப் பக்கம் போய்த் திரும்பின.
"கேக்கலாமா மேடம்?" என்றார்.