ஒரே இரவு, இரண்டு கேசட்

டுலூத்தில் ஜனவரி.
கேரேஜ் தரையில் பழைய கம்பளத்தை விரித்து
இருநூற்றுப் பன்னிரண்டு கேசட்டுகளைப்
பாதி பாதியாகப் பிரிக்க உட்கார்ந்தோம்
வெண்டெலும் நானும்.
வக்கீல் கொடுத்த தாளில்
வீட்டுக்கு ஒரு பத்தி, படகுக்கு ஒரு வரி,
இவற்றுக்கு மட்டும்
‘பேசித் தீர்த்துக்கொள்ளவும்’.

பேசினோம்,
பேசாமலிருந்த பதினோரு மாதத்துக்கும் சேர்த்து.

‘தூங்காத படகு’ மட்டுமே முப்பத்தாறு முறை இருந்தது.
ஸ்போகேனில் அது ஒன்பது நிமிஷம்,
பாதிச் சாப்பாட்டில் எழுந்தவன் மாதிரி.
விச்சிட்டாவில் இருபத்து மூன்று:
கிட்டார் பாட்டைவிட்டு வெளியே போய்
எங்கோ சிகரெட் வாங்கிக்கொண்டு
எல்லாரும் மறந்த பிறகு திரும்பி வருகிறது.
டொலீடோவில் பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது;
இரண்டாம் சரணத்தைக் கூட்டமே பாடி முடிக்கிறது.
“அதை நீ வைத்துக்கொள்.”
“வேண்டாம், உனக்குத்தான் பிடிக்கும்.”
கேட்பவர்களுக்கு உபசாரம் போலிருக்கும்.

மேடைக் கருவியிலிருந்தே நேராக எடுத்த பதிவு ஒன்று உண்டு.
கழுவித் துடைத்த தட்டு.
ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே கேட்கும்.
ஆனால் அதில் யாரும் இருமுவதில்லை,
பீரைக் கொட்டிவிட்டு மன்னிப்புக் கேட்பதில்லை.
அதை இருவருமே தள்ளிவைத்தோம்.

கடைசியில் டிமொயின்.
எண்பத்தொன்று, அக்டோபர், மழை.
அன்று எங்களுக்குள் சண்டை,
எதற்கென்று இப்போது இருவருக்கும் தெரியவில்லை.
அவன் இடப்பக்க ஸ்பீக்கருக்கு எதிரே
கம்பம் நட்டு மைக்கைக் கட்டினான்.
நான் பால்கனிக்குக் கீழே,
அண்ணனிடம் இரவல் வாங்கிய பெட்டியோடு.

பதினான்காம் நிமிஷத்தில் தாளம் இடறும்.
நாற்பது வருஷமாய் அந்த டிரம்மரை வெண்டெல் மன்னிக்கவில்லை.
“கப்பி அன்று குடித்திருந்தான்.”
விருந்துகளில், கார்களில், என் தங்கையின் கல்யாணத்தில்.

முதலில் அவனுடைய கேசட்.
சரியாக அதே இடத்தில், தொம்மென்று, இடறியது.
“பார்த்தாயா?”

பிறகு என்னுடையது.
பதின்மூன்று.
பதினான்கு.
பதினைந்து.
கப்பி போய்க்கொண்டே இருக்கிறார்,
தண்டவாளக் கட்டைகளை எண்ணி நடப்பவர்போல.

வெண்டெல் பின்னுக்கு ஓட்டிக் கேட்டான்.
மறுபடி ஓட்டினான்.
மூன்றாம் முறை ஹெட்போனைக் கழற்றிவிட்டுத்
தன் வலது பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.
“கம்பத்தை உதைத்திருக்கிறேன்.”

நான் சிரிக்கத்தான் இருந்தேன்.
அதற்குள் என் கேசட்டில் ஒரு குரல்,
இருபத்திரண்டு வயது, கொஞ்சம் மூக்கடைப்பு,
பக்கத்தில் நின்ற யாரிடமோ கேட்கிறது:
“அதோ அந்த நெட்டையன்,
ஆடுகிறானா என்ன?”

ஆடத் தெரியாது என்று சொல்லித்தான்
எங்கள் கல்யாணத்தில்கூடச் சுவரோரம் நின்றான்.

அவன் என்னைப் பார்க்கவில்லை.
நான் ஒலியைக் குறைக்கவில்லை.
பாட்டு தன்பாட்டுக்குப் போய்
நடுவிலேயே பக்கம் தீர்ந்து
டக்கென்று நின்றது.

திருப்பிப் போட வேண்டும்.
தரை ஜில்லிட்டுக் கிடந்தது.
இருவரில் யார் எழுவதென்று
தாளில் எழுதியிருக்கவில்லை.