பத்துத் தெத்ரி

எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் அசையும்.
பத்துத் தெத்ரி நாணயம் ஒன்று
பெட்டியின் பல்லிடுக்கில் விழ வேண்டும்.
திபிலீசி நகரின் வட ஓரத்தில்
ஒன்பது மாடி, நாற்பத்தைந்து வருடச் சிமெண்ட்.
நான் எட்டில். அவ்தாந்தில் ஒன்பதில்.
அவருடைய குளியலறை
என் குளியலறையின் தலைமேல்.

மூன்று வருடமாய் ஒழுகுகிறது.
முதலில் ஒரு கறை, நாயின் காதுபோல.
பிறகு சுண்ணாம்பு உப்பி உதிர்ந்தது.
இப்போது ஒரு பச்சை பேசின்
குடும்பத்தில் ஒருத்தியாய் அங்கேயே இருக்கிறது.
மேலே போய்க் கதவைத் தட்டினேன்.
"உன் கூரையை நீ பார்த்துக்கொள் நாத்தேலா."
"அது உங்கள் தரை" என்றேன்.
கதவு பதில் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை தந்தை சேபா
அயலானை நேசிக்கச் சொன்னார்.
மெழுகுவர்த்தி என் விரலில் சொட்டியது.
நல்ல சொல்தான் அது, அயலான்.
முகம் தெரியாதவனும் அவனே,
அடுத்த வீட்டுக்காரனும் அவனே.
முகம் தெரியாதவனை நேசித்துவிடுவேன் ஃபாதர்,
அவன் குழாய் என் வீட்டில் ஒழுகுவதில்லை.

தவக்காலத்து இரண்டாம் செவ்வாய்.
பேக்கரி முடிந்து வந்தேன், புருவத்தில் மாவு.
லிஃப்ட் வாசலில் அவர்.
சட்டைப்பை, கோட்டுப்பை, மறுபடி சட்டைப்பை என்று
துழாவிக்கொண்டிருந்தார்.
இரண்டு முட்டியிலும் கட்டு,
கையில் உருளைக்கிழங்குப் பை.
என்னைக் கண்டதும் துழாவலை நிறுத்திக்
கிழங்கை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டார்.

ஒரு காசுக்கு நான்கு பேர் ஏறலாம்.
ஏறினேன், ஒருத்தியாக.

எட்டில் இறங்கி, சாவியைத் திருப்பாமல்
நின்று கேட்டேன்.
ஒரு படி. மூச்சு. ஒரு படி.
நாலாம் மாடியருகே ஒரு கிழங்கு நழுவிக்
கீழே, கீழே, கீழே போனது.
அவர் அதற்காக இறங்கவில்லை.
இரவு குப்பை கொட்டப் போனபோது
இரண்டாம் மாடித் திருப்பத்தில் கிடந்தது.
எடுத்தேன். அவித்தேன்.
சொல்ல வெட்கமாயிருக்கிறது,
தின்றும் விட்டேன்.

அவர் மகள் லமாரா இத்தாலியில் இருக்கிறாள்.
பாரி நகரத்தில் யாரோ ஒரு கிழவியைக் குளிப்பாட்டுகிறாள்,
அந்தக் கிழவியின் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாள்.
மாதக் கடைசியில் பணம் வரும்.
அதற்கு முந்தின வாரமே இங்கே சில்லறை தீர்ந்துவிடும்.
இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும்.
தெரிந்ததுதான் தொந்தரவு.

மறுநாள் பேக்கரிக் கல்லாவில்
ஒரு லாரியை உடைத்துப் பத்துக் காசாக்கி
லிஃப்டின் காசுப்பெட்டிமேல் அடுக்கி வைத்தேன்,
யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும் என்று.
மாலையில் ஒன்றும் இல்லை.
ஆறாம் மாடிப் பையன்கள்
சூயிங்கம் மென்றுகொண்டு வணக்கம் சொன்னார்கள்.
முகம் தெரியாதவனை நேசித்துவிடுவேன் என்றேனே,
அதுவும் பொய்.
இரவெல்லாம் அந்தப் பிள்ளைகளைத் திட்டினேன்.

ஆகவே இப்போது நேராகவே செய்கிறேன்.
வியாழக்கிழமை அவர் மருந்துக்கடைக்குப் போகிற நாள்.
நாலரை மணிக்குக் கீழே நிற்கிறேன்,
காலி தபால்பெட்டியில் கடிதம் தேடுவதுபோல்.
"ஏறுங்கள்" என்கிறேன். ஏறுகிறார்.
நன்றி என்று சொன்னதில்லை.
வெங்காய வாடை என்று ஒருமுறை மூக்கைப் பொத்தினார்.
அவரை ஒன்பதில் விட்டுவிட்டு
எட்டுக்குப் படியில் இறங்குகிறேன்.
இன்னொரு காசு போட எனக்கென்ன பைத்தியமா?

பிடித்துப்போய்விட்டதா என்றால், இல்லை.
ஒழுகல் நின்றதா என்றால், அதுவும் இல்லை.
போன வாரம் ஒரு மண்சட்டி நிறைய லோபியோ கொடுத்தேன்,
பீன்ஸைக் குழைய வேகவைத்து, கொத்தமல்லி தூவி.
சட்டி கழுவாமல் வந்தது,
தட்டாமலே என் வாசலில்,
அடியில் காய்ந்து ஒட்டிய பருப்போடு.

பேசின் நிரம்பியிருந்தது, அவர் வீட்டுத் தண்ணீர்.
அதிலேயே ஊறப்போட்டேன்.