மரை

மூன்றரை மில்லி. முனை மழுங்கியது.
மரை நெருக்கமாய் ஓடும்.
சுவிட்ச் பெட்டியின் பித்தளைக் காதுக்குள் போக
அந்த ஆணிக்கு மட்டும்தான் அனுமதி.

அன்றைக்கு அது விரல் தவறி
உப்புவெளி மணலில் விழுந்தது.
கிளறிப் பார்த்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது.
காற்சட்டைப் பையில் ஒரு கறுப்பன் கிடந்தான்,
சீலிங் பலகைக்கு அடித்து மிஞ்சியவன்,
ஊசி வாய், அகல மரை.
முறுக்கினேன். காது கிர்ரென்றது.
பிறகு பிடித்துக்கொண்டது,
அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன்.
மூடி நேராய்த்தான் இருந்தது. காசு வாங்கினேன்.

கம்பி கிடக்கும் இடத்துக்குள்
கூர்முனை நுழையலாகாது.
பரீட்சைக்குப் பாடமாக்கிய வரி.
அதற்கு இரண்டு புள்ளி தந்தார்கள்.

எட்டு மாதம் கழித்து
மகள் அபிதாரணி தமிழ்க் கொப்பியோடு வந்தாள்.
"மரை: இரு பொருள் தருக.
ஒன்று மான், அப்பா. மற்றது?"
சொல்ல வாயெடுத்தேன்.
சோறு ஆறும்வரை அப்படியே இருந்தேன்.

"காசு ஏதும் மிச்சமோ?" டெல்சியா அக்கா
கேற்றைப் பாதிதான் திறந்தார்.
இல்லை. ஓர் ஆணி மாற்ற வேண்டும்.
"ஓர் ஆணிக்கோ? உமக்கென்ன, மரை கழன்றிட்டுதோ?"

மெயினை இறக்கினேன். டெஸ்டரை வைத்தேன்.
நம்பாமல் இன்னொரு தரம் வைத்தேன்.
இரண்டு சுற்றில் மூடி கையோடு வந்தது.
கடற்காற்று கறுப்பைத் தின்று
துருவை விட்டிருந்தது.
முனை, கபில வயரின் தோலில்
நகம் பதித்தது மாதிரி ஒரு பள்ளம்.
செம்பு தெரியவில்லை.
இன்னும் அரைச் சுற்று முறுக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

முனை உள்ளே. தலை வெளியே.
தலைக்கு ஒரு சாண் கீழே கொளுக்கி.
கடலில் குளித்து வருபவர்கள்
ஈரத் துவாயைக் கொழுவுகிற கொளுக்கி.

அக்கா தேத்தண்ணியோடு நின்றார்.
துவாயைப் பற்றி நான் சொல்லவில்லை.

காதின் மரை அரைபட்டுப் போயிருந்தது.
பெட்டி புதிது, வயர் புதிது, என் செலவு.
சரியான ஆணி தானாகவே வழி கண்டது.
ஐந்து சுற்று. ஆறாவதில் நின்றது.
பலவந்தம் இல்லை.

திரும்பும்போது
கடற்கரை வீதியில் ஒரு மான் குறுக்கே வந்தது.
பிரேக் பிடித்தேன். மரையல்ல, புள்ளிமான்.
வாயில் சொப்பிங் பை. அவசரமே இல்லாமல் கடந்தது.

பைக்குள் பழைய ஆணி
துணியைத் துளைத்துத் தொடையில் குத்தியது.
அலஸ்தோட்டத்தில் ஒரு வீடு,
பாலையூற்றில், மாதா கோயிலுக்குப் பின்னால் இரண்டு,
சாம்பல்தீவில் ஒரு கடை.
அந்த மழைக்காலம் முழுக்க
பையில் எத்தனை கறுப்பன்கள் கிடந்தார்கள்?
மான் போய்விட்டது.
பின்னால் ஓட்டோ ஹோர்ன் அடிக்கிறது.
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.