முதல் எழுத்தாவது

சிப்காட்டில் பாய்லர் வெடித்த அன்று
ஆம்புலன்ஸுக்கு முன்னே மைக் வந்துவிட்டது.
ட்ரோன் வைத்திருந்த பையன்
எங்கே பறக்கவிடலாம் என்று என்னிடமே கேட்டான்.
தீக்காய வார்டு ஜன்னல் பக்கம் வேண்டாம் தம்பி என்றேன்.
காதில் வாங்கவில்லை.
வேப்பமரத்தில் காக்கை குஞ்சு பொரித்திருக்கிறது,
கொத்தும் என்றேன்.
உடனே பெட்டிக்குள் வைத்துவிட்டான்.

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில்
நான் பதிவேட்டுப் பிரிவு எழுத்தர்.
பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்வது
கூடுதல் பொறுப்பு;
கூடுதல் படி கிடையாது.
ஆர்.எம்.ஓ. கொடுத்த துண்டுச்சீட்டை
போர்ட்டிகோவில் நின்று வாசித்தேன்:
அனுமதிக்கப்பட்டோர் ஒன்பது பேர்.
ஆறு பேரின் நிலை சீராக உள்ளது.
இருவர் தீவிர சிகிச்சையில்.
ஒருவர் ஜிப்மருக்கு அனுப்பப்பட்டார்.
சீட்டில் அவ்வளவுதான் இருந்தது.

பேரு மேடம்?
இல்லை.
ஒரே ஒரு பேரு.
இல்லை.
முதல் எழுத்தாவது?
துறைமுகத்து மீன் ஏலத்தில்கூட
விலை இவ்வளவு வேகமாக இறங்காது.

எனக்கு வாய் எப்போதும் இப்படிப் பூட்டியிருந்ததில்லை.
நான்கு வருடம் முன்பு
ஏதோ புதுக் காய்ச்சல் என்று ஊரே மிரண்டிருந்த மாதம்,
தனி வார்டில் ஒருத்தி.
போனில் கேட்டவன் நயமாகக் கேட்டான்.
பெயர் சொல்ல மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.
பெண், வயது முப்பத்து நான்கு,
தேவனாம்பட்டினம்,
கடற்கரையில் இட்லிக் கடை என்று மட்டும் சொன்னேன்.
மட்டும்.

தேவனாம்பட்டினம் எவ்வளவு பெரிய ஊர்?

மூன்றாம் நாள் ரிசல்ட் வந்தது, ஒன்றுமில்லை என்று.
அதற்குள் மாவு புளித்து
மண்ணில் கொட்டியாகிவிட்டது.
மகனைப் பள்ளியில் கடைசி பெஞ்சுக்கும் பின்னால்
தனி நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.
அவள் என் ஜன்னலுக்கு வந்து
அந்த ரிசல்ட்டைப் பெரிய எழுத்தில் ஒரு காப்பி கேட்டாள்.
லேமினேட் செய்து
வண்டியின் முன்னால் தொங்கவிட்டாள்.
பெயர், வயது, பதிவு எண்,
ரத்த வகை உட்பட.
பீரோவில் பூட்டி நான் காவல் காக்கிற காகிதம்
உப்புக்காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

போர்ட்டிகோவில் கூட்டம் கலைந்த பிறகு
சவரிமுத்து மட்டும் நின்றான்.
உள்ளூர் சேனல்காரன்.
மைக்கின் கழுத்தைத் திருகிக்கொண்டே
என் தம்பி செகண்ட் ஷிப்டு மேடம் என்றான்.
காலையிலிருந்து தம்பி என்றும் மாமன் என்றும்
மூன்று பேர் வந்துவிட்டார்கள்.
ஒருவன் சட்டைப்பையில்
கேமரா சிவப்பாகக் கண் சிமிட்டியது.
அதனால் இவனிடமும் கேட்டேன்:
அம்மா பெயர்? உடம்பில் அடையாளம்?
வலது முழங்காலில் தையல், ஏழு,
நான்தான் சைக்கிளிலிருந்து தள்ளிவிட்டேன் என்றான்.

மைக்கை என் மேஜையில் வைத்துவிட்டு
பின்வாசல் வழியாகப் போனான்.
அரைமணி கழித்து வந்தபோது
சக நிருபர்கள் சூழ்ந்துகொண்டார்கள்:
உள்ளே போனியே, என்னடா பார்த்தே?
பார்க்கவிடல என்றான்.
பொய்.
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

ஒன்று சொல்ல வேண்டும்.
அவள் விற்றது இட்லி அல்ல.
ஊரும் தேவனாம்பட்டினம் அல்ல.
சவரிமுத்துவுக்கு வேறு பெயர்.
இந்த முறை மாற்றி எழுதியிருக்கிறேன்.

அவள் கடைக்கு இப்போதும் போகிறேன்.
அட்டையில் வெயில் எழுத்துகளைத் தின்றுவிட்டது,
எங்கள் ஆஸ்பத்திரி முத்திரை மட்டும் ஊதாவாக நிற்கிறது.
யார் சொன்னது என்று அவள் கேட்டதே இல்லை.
நானும் சொன்னதில்லை.
நேற்று நூறு ரூபாய் நீட்டி
சில்லறை இருக்கட்டும் என்றேன்.
ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு
அறுபத்தாறு ரூபாயை
எண்ணி வைத்தாள்.